குருதியுறைவும் மருந்து நிறுத்தலும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் மருத்துவப் பொருளைப் பற்றிப் பேசப் புகுந்தது தங்களிற் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். செயலாளர் அவர்கள் இலக்கியம் பற்றிப் பேசுமாறே என்னைப் பணித்தார்கள். அவர்கள்பால் பொறுத்தருள வேண்டிக்கொண்டு இப்பொருளை எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் என் தமக்கையார்.

அவர்க்குச் சிறுவயதில் தொண்டை நோயைத் தொடர்ந்து மூட்டுகள் வீங்கும் காய்ச்சல் கண்டது. மூட்டுவலி தீர்ந்தது, ஆயினும் இதயத்தின் இடப்பாகத்து வால்வு என்னும் கதவு அக்காய்ச்சலாற் கெட்டது. பின்னாளில் அதனை நீக்கிச் செயற்கை வால்வு பொருத்தினர். நாள்தோறும் அசெனோகூமரால் என்னும் மாத்திரையை உட்கொண்டு 12 ஆண்டுகள் குறையின்றி வாழ்ந்தார். அப்பால் ஒரு கடைவாய்ப்பல் அவரை வருத்தியது. “அக்கா, பல் பிடுங்கினால் குருதி நில்லாது, மாத்திரையை விட்டுவிடுங்கள்” என்று சொன்னவன் யானே. மருந்து தந்த மருத்துவரை வினவ வேண்டும் என்னும் எண்ணமே எழவில்லை. பல் மருத்துவரிடமும் மாத்திரையைப் பற்றி நாங்கள் வாய் திறக்கவில்லை. ஐந்து நாள் முன்னதாக நிறுத்தினார். பல்லெடுத்த பின்னும் புண் ஆறட்டும் என்று தொடங்காதிருந்தார். ஆறாம் நாள் வைகறையில் அவருக்கு வலக்கையும் வலக்காலும் அசையவில்லை, சொல்லும் எழவில்லை. வால்வின்மேல் திரண்ட உறைகட்டியின் ஒரு துணுக்கு மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்துவிட்டது என்றனர் மருத்துவர்.

அன்றுதொட்டு இப்பொருளைக் கற்கலானேன். கற்றவற்றுட் சில கூறுவேன்.

‘இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து’ என்று நாம் வழங்குகிறோம். காரணப்பெயர் போலத் தோன்றினும் இது பிழைபட்ட பெயர். இம்மருந்துகள் குருதியை மோர்போல் நீர்ப்பிப்பதில்லை. அது உறைவதைத் தாழ்க்கின்றன, அவ்வளவே. காயம்பட்ட இடத்தில் உறைந்து உயிர் காப்பது குருதியின் இயல்பு. அவ்வியல்பு வேண்டாத இடத்தும் தொழிற்படுவதே தீங்கு. செயற்கை வால்வு போன்ற அயற்பொருளைத் தொடும்பொழுது அது உறைய முற்படும். இதயத்தின் மேலறை சீராகச் சுருங்காமல் நடுங்கும் நோயில், குருதி ஒரு மூலையில் தேங்கி உறையும். இந்நோயுடையார்க்குப் பக்கவாதம் ஏனையோரினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதி. அடைபட்ட இதயக் குழாயை விரித்து வைத்த ஸ்டென்ட் என்னும் கம்பிச் சுருளின்மேலும், உட்தோல் மூடி வளரும்வரை உறைவு நேரலாம்.

கல்லீரல், வைட்டமின் கே-யின் துணைகொண்டு உறைபொருள்கள் சிலவற்றை ஆக்குகிறது. வார்ஃபரினும் அசெனோகூமராலும் அத்துணையைத் தடுப்பன. வார்ஃபரினுக்கு ஒரு வரலாறு உண்டு. 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ஒருவகைத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் குருதி ஒழுகி இறந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பாரின் ஆய்வுக்கூடத்தார் அதற்குக் காரணமான பொருளை 1939-இல் பிரித்தெடுத்தனர். அதன் வழியிற் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 1954-இல் மக்கட்கு மருந்தாயிற்று. மறு ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் நெஞ்சடைப்புற்றபோது அவருக்கும் இதனைத் தந்தனர். “எலிப்பாஷாணத்தையா நாள்தோறும் தின்பது?” என்று உறவினர் ஒருவர் சொல்லக் கேட்டு மாத்திரையை எறிந்தவரை நம் ஊரிலேயே யான் அறிவேன். அளவறிந்து தருவதற்கன்றோ ஐ.என்.ஆர். என்னும் குருதிச் சோதனை இருக்கிறது!

நிறுத்தியவுடன் யாதொரு துன்பமும் தோன்றாது. இதுவே நம்மை ஏமாற்றுவது. வார்ஃபரினின் ஆற்றல் நான்கைந்து நாளிற் குறையும். அசெனோகூமராலின் ஆற்றல் அதனினும் விரைவில் அகலும். ரிவராக்சபான், அபிக்சபான் முதலிய புதியனவோ ஓரிரு நாளிலேயே நீங்கிவிடும். ஆதலின் புதியனவற்றை உண்பார் ஒருநாள் மறந்தாலும் காவலிழப்பர். அமெரிக்காவில் இவற்றின் மருந்துக் குறிப்பில், தாமே நிறுத்தினால் உறைவு நேரும் என்னும் எச்சரிக்கை கட்டமிட்டு அச்சிடப்பட்டுள்ளது. செயற்கை வால்வு உடையவர் பழைய மருந்தை விட்டுப் புதியதற்குத் தாமே மாறுதலும் கூடாது. டாபிகட்ரானை அவர்கட்குத் தந்து பார்த்த ஆராய்ச்சி, உறைவும் குருதிப்போக்கும் மிக்கமையால் 2012-இல் இடையிலேயே கைவிடப்பட்டது.

ஸ்டென்ட் உடையார்க்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல் என்பன தட்டணுக்கள் ஒட்டாமற் காப்பன. மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்து ஏறத்தாழ ஓராண்டு நலமாயிருந்த நால்வர், இம்மாத்திரைகளை நிறுத்திய சின்னாளில் நெஞ்சடைப்புற்ற செய்தி 2004-இல் லான்செட் இதழில் வெளிவந்தது.

அங்ஙனமாயின் ஒருபோதும் நிறுத்தலாகாதோ எனின், அற்றன்று. பெரிய அறுவைக்கு மருத்துவரே நாள் குறித்து நிறுத்துவர், நாள் குறித்துத் தொடங்குவர். 2015-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், மேலறை நடுக்கமுடைய 1,884 பேர் அறுவையின்பொருட்டு வார்ஃபரினை முறையாக நிறுத்தினர். இடைநாளில் ஊசிமருந்து பெறாதாருள் உறைவால் துன்புற்றோர் ஆயிரவர்க்கு நால்வரே. ஆனால் செயற்கை வால்வு உடையவர் அவ்வாராய்ச்சியிற் சேர்க்கப்படவில்லை. பல் பிடுங்குவதற்கோ, ஐ.என்.ஆர். உரிய எல்லைக்குள் இருப்பின், பெரும்பாலும் நிறுத்தவே வேண்டுவதில்லை. தையலிட்டும் பஞ்சை அழுத்தியும் குருதியை நிறுத்திவிடுவர். இவ்வொன்றை யான் அன்று அறிந்திலேன்.

விரதமிருக்கும் தாய்மார்கள் மாத்திரையையும் விட்டுவிடுதல் உண்டு. அதற்கு முன் மருத்துவரைக் கேட்க. வார்ஃபரின், அசெனோகூமரால் உண்பார் கீரையை அறவே விலக்கவும் வேண்டா, ஒரு வாரம் மிகுதியாக உண்டு மறுவாரம் ஒழிக்கவும் வேண்டா. மலம் கருகிப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, வீட்டிலிருந்து ஆராயாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக எண்ணுகிறது. நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பணிசெய்வானும் அவற்றுள் அடங்குவான். வகுப்பில் எத்தனையோ முறை அக்குறளுக்குப் பொருள் உரைத்திருக்கிறேன். நான்காமவன் யான் என்பது மட்டும் அன்று தோன்றவில்லை.

தமக்கையார் இப்பொழுது கோலூன்றி நடக்கிறார். சொற்கள் சிலவே வருகின்றன. சமையலறைச் சுவரிலுள்ள நாட்காட்டியில், ஒவ்வோர் இரவும் மாத்திரையை விழுங்கியபின், இடக்கையால் ஒரு கோடு கிழிக்கிறார். யான் அங்கிருக்கும் நாள்களில், கோடு கிழித்தபின் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.