கூலியும் அமானிதமே

 

உழைத்தவருக்குரிய கூலியைத் தாமதமின்றிக் கொடுப்பது நபி (ஸல்) அவர்கள் நமக்கிட்ட கட்டளை. ஐக்கிய அரபு அமீரகம் 2009-ஆம் ஆண்டிலும் சவூதி அரேபியா 2013-ஆம் ஆண்டிலும் ஊதியப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தன. அதன்படி ஊதியம் வங்கி வழியாகச் செல்ல வேண்டும். தவறினால் கணினிப் பதிவு அரசுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நல்லதொரு பாதுகாப்பு.

ஆயினும், தொழிலாளியின் ஏ.டி.எம். அட்டையை முதலாளியே வாங்கி வைத்துக்கொண்டால் கணினி என்ன செய்யும்? கணக்கில் ஊதியம் ஏறியிருக்கும், கையில் சேர்ந்திராது. அதை அல்லாஹ் அறிவான்.

நம்மூர்க் கடைகளில் அந்தக் கணினிக் கண்காணிப்பும் இல்லை. எனவே, கடை நடத்தும் சகோதரர்களே, பணியாளரின் நிலுவையை இன்றே தீர்த்துவிடுங்கள். வல்ல ரஹ்மான் நம் வணிகத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.