கொடுத்த கை கணக்குக் கேட்கலாமா?



இந்தக் கூட்டத்துக்கு மதமாற்றம் என்ற தலைப்பைப் பார்த்ததும், "எதுக்கு வம்பு?" என்று சிலர் கேட்டார்கள். யாரையும் வைய நான் வரவில்லை. ஏசுவைக் கும்பிடுவது குற்றமில்லை. ஒருவர் மனம் மாறி மதம் மாறுவதும் குற்றமில்லை. என் கேள்வி ஒன்றே ஒன்று. உதவி செய்த கை, பதிலுக்கு ஒருவருடைய நம்பிக்கையைக் கேட்கலாமா?

தறி நெய்கிற சின்னாளப்பட்டிக்காரர்களான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி, கூலி குறைவென்றாலும் வேறு இடத்துக்குப் போக முடியாது. மனசுக்கு முன்பணம் கொடுத்தாலும் அதே கதிதான்.

தாது வருஷப் பஞ்சத்தை நினைத்துப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை தென்னாடே பட்டினியில் கிடந்தது. அந்த நாளில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தார்கள். கஞ்சி ஊற்றியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஊற்றாமல் இருந்தவர்கள்தான் பாவிகள். ஆனால் கஞ்சி வரிசையில் நிற்கிறவரிடமே ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசினால், அவர் சொல்லும் "சரி"யில் பசி எவ்வளவு, பக்தி எவ்வளவு? சொன்னவருக்கே தெரியாது.

இன்றைக்கும் ஒரு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போங்கள். ஒரு அம்மாவுக்குக் கையில் டிரிப்ஸ் ஏறுகிறது. பில் கட்ட வழியில்லை. தலைமாட்டில் ஒருவர் வந்து நின்று, "உங்களுக்காக ஜெபம் பண்ணலாமா?" என்று அன்பாகத்தான் கேட்கிறார். வேண்டாம் என்று சொல்ல அந்த அம்மாவுக்கு நா எழுமா? கேட்டவர் நல்லவராகவே இருக்கட்டும். அது கேட்கக் கூடாத இடம், கேட்கக் கூடாத நேரம்.

காந்தியடிகள் 1930களில் 'ஹரிஜன்' இதழில் மிஷனரிகளோடு வாதாடியதும் இதற்காகத்தான். பள்ளிக்கூடம் நடத்துங்கள், வைத்தியம் பாருங்கள். அதை மதம் மாற்றக் கருவியாக்காதீர்கள் என்பது அவர் வாதம். அவர் வழியில் வந்த டாக்டர் சௌந்தரம் அம்மையார், கணவர் ஜி. ராமச்சந்திரனோடு 1947-ல் நம் ஊர் ஓரத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். கஸ்தூர்பா மருத்துவமனையில் பிறந்த பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர் இருப்பீர்கள்! உங்கள் அம்மாவிடம் யாராவது சாமி பெயரைக் கேட்டார்களா?

நியாயத்தையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திண்டுக்கல்லில் மருந்தகம் நடத்தியவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் செஸ்டர். ஒட்டன்சத்திரத்துக் கிறிஸ்தவ மருத்துவமனை 1955 முதல் கிராமத்து ஏழைகளைப் பார்த்து வருகிறது. அந்தச் சேவைக்கு நான் கை கூப்புகிறேன். அதனால்தான் அதன்மேல் இந்தக் கறை படியக் கூடாது என்கிறேன்.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. அது முந்தியதைவிடப் பெரியது. "இங்கே வா, சாதி இல்லை" என்றார்கள் மிஷனரிகள். வந்தவன் என்ன கண்டான்? திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கிறிஸ்தவக் கோயிலைக் கேளுங்கள். பீடத்திலிருந்து கால்சட்டை போல இரண்டு கிளை, நடுவில் தடுப்பு. ஒன்றில் வேளாளர், ஒன்றில் நாடார். பூசை வைக்கிற சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கத்தான் முகம் அந்தப் பக்கத்தானுக்குத் தெரியாது. 1910-ல்தான் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் நின்றது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாமல் ஆள் சேர்த்ததற்கு என்ன பெயர், நீங்களே சொல்லுங்கள்.

சரி, இந்துக்களாகிய நம் பக்கம் சுத்தமா? யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர், பெர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பில் துணை நின்றவர். பிறகு மிஷனரிகளை எதிர்த்தார். கல்லெடுத்தா எதிர்த்தார்? 1848-ல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கினார், அச்சகம் வைத்தார், நூல் எழுதினார். அது ஆண்மையான பதில். ஆனால் அவரும் சாதி ஆசாரத்தை விடவில்லை. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவன் வேறு வாசலைத் தேடினால் அவனை "விலைபோனவன்" என்று ஏச நமக்கு என்ன வாய் இருக்கிறது?

சட்டம் போட்டால் தீருமா? மதம் பரப்பும் உரிமை வேறு, பிறரை மாற்றும் உரிமை வேறு என்று 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004-ல் அதை அரசே திரும்பப் பெற்றது. வற்புறுத்தினால் தண்டியுங்கள், ஏமாற்றினால் தண்டியுங்கள். ஆனால் ஏழை தன் சாமியை மாற்றிக்கொள்ள அதிகாரியிடம் போய் நிற்க வேண்டுமென்றால், அவனுக்குச் சொந்த புத்தி இல்லை என்றல்லவா அர்த்தம்?

ஆகவே ஊழியம் செய்கிற அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நோய்ப் படுக்கையிலும் பசி வரிசையிலும் பிள்ளைகளின் வகுப்பறையிலும் மதம் பேசாதீர்கள். பேசியே ஆக வேண்டுமா? எங்களைப் போல மேடை போட்டுப் பேசுங்கள். பிடிக்காதவன் எழுந்து போகலாம். மதமாற்றத்தை எதிர்க்கிற அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கூச்சல் வேண்டாம். நம் தெருவில் ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுங்கள். நம் கோயில் வாசலை எல்லாருக்கும் திறந்து வையுங்கள். இந்த இரண்டையும் செய்யாதவருக்கு மிஷனரியைக் குறை சொல்லும் உரிமை இல்லை.