பச்சிலைதானே என்று குடிக்கலாமா?



சர்க்கரைக்கு நித்தியகல்யாணி இலையை அரைச்சுக் குடிக்கலாமான்னு குழுக்களில் கேட்கிறீங்க. 1950-களில் கனடாவிலும் சர்க்கரை நோய்க்காகத்தான் இதை ஆராய்ந்தார்கள். இலைச்சாற்றை எலிகளுக்கு ஊசியில் ஏற்றியபோது, இரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைந்தன. அந்தத் தடயத்தில் வந்தவைதான் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள்.

ஆய்வுக்கூடத்தில் இலைச்சாற்றை இரண்டு விதமாகச் சோதிப்பார்கள். கிருமியைக் கொல்கிறதா? உடம்பின் செல்களைக் கொல்கிறதா? கிருமியைக் கொன்றால் மட்டும் அது மருந்தாகிவிடாது. செல்லைக் கொல்லும் சாறு நல்ல செல்லையும் விடாது. டாக்டர் அளந்து கொடுத்தால் மருந்து. அம்மியில் அரைத்தால் அளவேது?

ஆகவே நாம் இதைக் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகள் குடிக்கவே கூடாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீங்க. அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லுவோம்.