ஆணி அடிக்க ஒரு சுவர்

(திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



சில நாள்களுக்கு முன்பு சிவகாசியில் ஒரு வீட்டை மந்திரிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வளவுக்குள் இருக்கும் ஒற்றை அறை வீடு. ஓர் அடுப்படி, வாசலில் எல்லாருக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய். தாயும் தகப்பனும் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் இரண்டு பேர் பள்ளியில் படிக்கிறார்கள். தீர்த்தம் தெளிக்கத் தொடங்கும்போதுதான் எனக்கு நினைவு வந்தது: மூன்று ஆண்டுகளில் இந்தக் குடும்பத்துக்கு நான் மந்திரிக்கும் மூன்றாவது வீடு இது.

திரு இருதய ஆண்டவர் படம் தரையில், சுவரோரமாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. "ஏம்மா, படத்தை மாட்டவில்லையா?" என்று கேட்டேன். "வீட்டுக்காரங்க ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க சாமி" என்றார் அந்தத் தாய். பிறகு தயங்கித் தயங்கி, "பிள்ளைங்க படிப்பு முடியுற வரைக்குமாவது இந்த வீட்டுல இருக்கணும்னு வேண்டிக்கோங்க சாமி" என்றார்.

முதல் வீட்டை இடித்துக் கடைகள் கட்டினார்கள். இரண்டாவது வீட்டில் ஒத்திக்கு இருந்தார்கள். ஒத்தி என்றால் நம் பக்கத்து மக்களுக்குத் தெரியும்: மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருப்பது. கெடு முடிந்தபோது வீட்டுக்காரர் ஒத்தித் தொகையை இரண்டு மடங்காகக் கேட்டார். இவர்களால் புரட்ட முடியவில்லை. கொடுத்த பணம் திரும்பி வரவே நாலு மாதம் ஆயிற்று.

அன்பானவர்களே, இன்று நான் பேசப்போவது வீட்டு வாடகையைப் பற்றி. கோயிலில் பேசவேண்டிய விஷயமா இது என்று சிலர் நினைக்கலாம். பெத்லகேமில் இடம் கிடைக்காமல் அலைந்த ஒரு குடும்பத்தின் கதையைக் கேட்க நான்கு வாரம் தயாரிக்கும் நாம், நம் தெருவில் இடம் கிடைக்காமல் அலையும் குடும்பத்தைப் பற்றி ஒரு நாளாவது பேசவேண்டாமா?

நம் ஊர்கள் வளர்கின்றன. சிவகாசியும் திருத்தங்கலும் இணைந்து 2021-ல் மாநகராட்சி ஆயிற்று. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இ.குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா வரும் என்று 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். இவையெல்லாம் நல்லவை. நம் பிள்ளைகளுக்கு மருத்துவமும் வேலையும் வேண்டும். ஆனால் சாலை அகலமாகும்போது, கல்லூரி வரும்போது, அந்தப் பக்கத்து மனையின் விலை ஏறுகிறது. மனை விலை ஏறினால் வாடகை ஏறுகிறது. 2022 ஏப்ரலில் தமிழகமெங்கும் சொத்து வரி உயர்ந்தபோது, அந்தச் சுமையையும் பல வீடுகளில் குடியிருப்பவர்களின் தலையில்தான் இறக்கி வைத்தார்கள். ஊர் வளர்வதற்கு உழைத்தவர்களே ஊருக்குள் இருக்க முடியாமல் தள்ளிப் போகிறார்கள்.

பட்டாசுத் தொழிலாளிக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. அவருக்குக் கூலி வாரக் கூலி. சனிக்கிழமை கைக்கு வரும். மழை பெய்தால் மருந்து காயாது, வேலை இல்லை. தீபாவளி முடிந்தால் ஆலைகள் வாரக் கணக்கில் மூடிக் கிடக்கும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை விதித்தது. அடுத்த மாதம் மூடிய ஆலைகள் மாதக் கணக்கில் திறக்கவில்லை. அது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். கூலிக்கு மழை உண்டு, லீவு உண்டு, வழக்கு உண்டு. வாடகைக்கு அது ஒன்றும் கிடையாது. மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி கதவைத் தட்டுகிறது.

அட்வான்ஸையும் பாருங்கள். மாதம் 4,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் என்றால் 40,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்? ஆலையில் அட்வான்ஸ் வாங்கி, வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். அந்தக் கடன் தீரும்வரை, பயமாக இருந்தாலும் அந்த ஆலையை விட்டுப் போக முடியாது. இன்னும் சிலர், வாடகைக்கு வழியில்லாமல், குடியிருக்கும் வீட்டுக்குள்ளேயே சட்டத்துக்குப் புறம்பாகத் திரி செய்யத் துணிகிறார்கள். பிள்ளைகள் தூங்கும் அறையில் மருந்து! அதன் முடிவு என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நான் சொல்லித் தரவேண்டியதில்லை. வாடகையின் பாரம் ஒருவரை எதுவரை கொண்டுபோய் விடும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பெரிய நகரங்களிலும் இதுவே நடக்கிறது. சென்னையில் ஆற்றோரங்களிலும் நகரின் நடுவிலும் தலைமுறைகளாக இருந்த ஏழைக் குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் விளிம்புக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். கூரை கிடைத்தது, ஆனால் வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு வேலைத்தலமும் பிள்ளைகளுக்குப் பழைய பள்ளியும் வெகுதூரம் ஆகிவிட்டன. வீடு என்பது நாலு சுவர் மட்டும் அல்ல. அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவும், கடன் சொல்லிச் சாமான் வாங்கும் கடையும், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கோயிலும் சேர்ந்ததுதான் வீடு.

மறைநூல் இதைப் பற்றி என்ன சொல்கிறது? லேவியர் நூல் 25-ஆம் அதிகாரத்தில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு சட்டம் இருக்கிறது. மதில் சூழ்ந்த நகரத்தில் வீட்டை விற்றவர் ஓராண்டுக்குள் அதை மீட்டுக்கொள்ளலாம். தவறினால் அது வாங்கியவருக்கே என்றென்றும் சொந்தம். மதில் இல்லாத சிற்றூர் வீடு அப்படி அல்ல. அது வயலைப் போன்றது; யூபிலி ஆண்டில் விற்றவருக்கே திரும்பி வரவேண்டும். நகரத்து வீடு கைமாறும் பொருளாகிவிடும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அதே அதிகாரம் சற்றுத் தள்ளி வேறொன்றும் சொல்கிறது: உன் சகோதரன் ஏழையாகித் தள்ளாடினால், அவன் உன் அருகிலேயே வாழும்படி நீ அவனைத் தாங்கவேண்டும். கடவுளின் கேள்வி, அவன் உன் அருகில் வாழ முடிகிறதா என்பதுதான்.

திருவருகைக் காலத்தில் நாம் அதிகம் வாசிக்கும் எசாயா இறைவாக்கினர், ஐந்தாம் அதிகாரத்தில், பிறருக்கு இடமே இல்லாமல் போகும் அளவுக்கு வீட்டோடு வீடும் வயலோடு வயலும் சேர்த்துக்கொண்டே போகிறவர்களைக் கடுமையாக எச்சரிக்கிறார். திருத்தூதர் பணிகள் நூலோ ஒரு வாடகை வீட்டில்தான் முடிகிறது. புனித பவுல் உரோமை நகரில் இரண்டு ஆண்டுகள் வாடகை வீட்டில் தங்கி, தேடி வந்த எல்லாரையும் வரவேற்று நற்செய்தி அறிவித்தார். அந்த வீட்டை அவருக்குக் கொடுத்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. விலங்கு பூட்டிய கைதி என்று தெரிந்தும் கொடுத்தாரே, அவரை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

"அவங்க ஒத்துக்கொண்டுதானே வந்தாங்க, நான் கட்டாயப்படுத்தவில்லையே" என்று வீட்டுக்காரர்கள் சொல்வதுண்டு. 1891-ல் திருத்தந்தை 13-ஆம் லியோ தொழிலாளர் கூலியைப் பற்றி எழுதியபோது இதே வாதத்துக்குப் பதில் சொன்னார்: தேவையின் நெருக்கடியில் ஒருவர் குறைந்த கூலிக்குச் சம்மதித்தால், அந்தச் சம்மதம் மட்டுமே அதை நியாயமாக்கிவிடாது. கூலிக்கு உள்ள அந்த நியாயம் வாடகைக்கும் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2014-ல் உலகின் ஏழை மக்கள் இயக்கங்களை வத்திக்கானில் சந்தித்தபோது நிலம், வீடு, வேலை இந்த மூன்றையும் புனிதமான உரிமைகள் என்றார்.

வீட்டு உரிமையாளர்களாக இருக்கும் நேயர்களே, உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. ஒரே வாடகையை நம்பி மருந்து மாத்திரை வாங்கும் கைம்பெண்கள் உண்டு. வங்கிக் கடனில் வீடு கட்டித் தவணை கட்டுகிறவர்கள் உண்டு. வாடகை வாங்குவது பாவம் அல்ல. ஆனால் நாம் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது கோபத்தையும் பொய்யையும் நினைத்துப் பார்க்கிறோம். வாடகைக் கணக்கை நினைத்துப் பார்க்கிறோமா?

இந்தத் திருவருகைக் காலத்தில் நான்கு காரியம் கேட்கிறேன். ஒன்று, குடியிருந்தவர் காலி செய்யும் அன்றே அட்வான்ஸையும் ஒத்திப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பணம் இல்லாமல் அவர் அடுத்த வீட்டுக்குள் நுழைய முடியாது. இரண்டு, எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. சண்டை வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்கிறது. மூன்று, ஆலை மூடியிருக்கும் மாதங்களில் வாடகையைப் பிரித்து வாங்குங்கள். நான்கு, வீடு கேட்டு வருகிறவரிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று சாதி கேட்காதீர்கள். நற்கருணை வாங்கும் நாவு அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

இதைப் பங்குகளுக்கும், குருக்களாகிய எங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கோயிலுக்குச் சொந்தமான வீடுகளும் கடைகளும் பல ஊர்களில் உண்டு. அங்கே நாம் என்ன வாடகை வாங்குகிறோம், எப்படிக் காலி செய்யச் சொல்கிறோம் என்பதை மக்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபையும் அன்பியங்களும் சேர்ந்து, வீடு மாறும் ஏழைக் குடும்பத்துக்கு வட்டியில்லாமல் அட்வான்ஸ் கொடுத்து உதவ ஒரு சிறு நிதி தொடங்கலாமே. இந்த ஆண்டு குடில் செலவில் ஒரு பகுதியை எடுத்தே தொடங்கலாம்.

அன்று வீட்டை மந்திரித்து முடித்தபின், அந்தத் தாயிடம் கேட்டு வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தேன். பக்கத்துத் தெருதான். நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சாமி படத்துக்குன்னா ஒரு ஆணி அடிச்சுக்கட்டும்" என்றார். ஒரே ஓர் ஆணி. பிள்ளைகள் படிப்பு முடியும்வரை இருக்க விடுவாரா என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். இந்த வாரம் மறுபடியும் போவேன்.

செபிப்போம். தங்க இடமின்றிப் பிறந்த ஆண்டவரே, வாடகை வீடுகளில் வாழும் எல்லாக் குடும்பங்களையும் காத்தருளும். வீடு உள்ளவர்களின் உள்ளத்தில் இரக்கத்தைத் தாரும். வேலையின்றி ஆலைகள் மூடியிருக்கும் இந்த நாள்களில் எந்தப் பிள்ளையும் தெருவுக்கு வராதபடி எங்களை ஒருவருக்கொருவர் துணையாக்கும். ஆமென்.