பள்ளி வரியும் பட்டணச் சீரமைப்பும்



தோட்டம் துண்டாடப்படுகிறது, அங்கே புதிய வீடமைப்பு வரப்போகிறது என்ற பேச்சு நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. அப்படி ஓர் இடத்தைப் புதுப்பிக்கும்போது சாலைக்கும் சாக்கடைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 2008ஆம் ஆண்டு இந்தக் கேள்வியைப் பொதுமக்களின் வாக்குக்கே விட்டார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

ஜோர்ஜியாவின் தலைநகரம் அட்லாண்டா. அந்நகரைச் சுற்றிப் பழைய இரயில் பாதைகள் வளையம்போல் கிடந்தன. அவற்றை இணைத்து 22 மைல் நீளத்தில் ஒரு வழித்தடம் அமைக்கலாம் என்று ரயன் கிராவெல் என்ற மாணவர் 1999இல் தம் பட்ட ஆய்வில் எழுதினார். அந்த யோசனையே பின்னர் 'பெல்ட்லைன்' என்ற பெருந்திட்டமாயிற்று. நடைபாதை, பூங்கா, வீடுகள் எல்லாம் அதில் அடக்கம். ஆசை பெரிது, காசு வேண்டுமே!

2005இல் ஒரு வழி கண்டார்கள். அதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டுக்கு ஆண்டு வரி 100 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டாரம் சீரானதும் வீட்டின் மதிப்பு ஏறி, வரி 150 வெள்ளியாகிறது. பழைய 100 வெள்ளி வழக்கம்போல் நகரத்துக்கும் மாவட்டத்துக்கும் பள்ளிகளுக்கும் போகும். கூடுதலான 50 வெள்ளி மட்டும் தனி நிதியில் சேரும். நாளை வரப்போகும் அந்த 50 வெள்ளியை நம்பி இன்றே கடன் வாங்கி வேலையைத் தொடங்குவார்கள். இந்த ஏற்பாட்டுக்கு 25 ஆண்டு தவணை.

சிக்கல் எங்கே என்றால், அந்த ஊரில் சொத்து வரியில் ஏறக்குறையப் பாதி பள்ளிகளுக்கு உரியது. எனவே அந்தக் கூடுதல் 50 வெள்ளியிலும் பாதி பள்ளிக்கூடத்துப் பங்குதான். நாம் பள்ளிக்கூடத்து ஆட்கள். இந்த இடத்தில் நம் காது சற்று நீளத்தான் செய்கிறது.

உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்றம் சென்றார். 2008 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அரசியல் சட்டப்படி பள்ளி வரி கல்விக்கே உரியது, பெல்ட்லைனுக்குச் செலவிடக் கூடாது. திட்டத்தின் நிதிக்கு அது பெரிய அடி. உடனே, சட்டத்தையே திருத்தலாமா என்று மக்களைக் கேட்க ஏற்பாடாயிற்று. 2008 நவம்பர் 4, ஒபாமா அதிபராகத் தேர்வான அதே நாளில், அதே வாக்குச்சீட்டில் இந்தக் கேள்வியும் இருந்தது.

ஆதரித்தவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சீரமைப்பு இல்லையென்றால் அந்தக் கூடுதல் வரியே பிறக்காது; பிறக்காத காசைப் பள்ளி எப்படி இழக்கும்? பள்ளி வாரியம் இசைந்தால்தான் அதன் பங்கை எடுக்க முடியும் என்றும் சொன்னார்கள். எதிர்த்தவர்களோ, நிலத்தின் விலை தானாகவும் ஏறுமே, பிள்ளைகள் கூடினால் ஆசிரியருக்கும் வகுப்பறைக்கும் எங்கே போவது என்று கேட்டார்கள். நமக்கு இந்த இரண்டாவது பேச்சே கனமாகப் படுகிறது. முடிவில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் 'சரி' என்று வாக்களித்தார்கள். திருத்தம் நிறைவேறியது.

ஆனால் அதே 2008இல் பொருளாதாரம் சரிந்தது. சொத்து விலையும் இறங்கியது. எதிர்பார்த்த கூடுதல் வரி வரவில்லை. பள்ளிகளின் பங்குக்கு ஈடாகத் தருவதாக ஒப்புக்கொண்ட தொகையில் நகரம் பாக்கி வைத்தது. பள்ளித் தரப்புக்கும் நகரத்துக்கும் பல ஆண்டு இழுபறி. 2016 ஜனவரியில்தான் புதிய உடன்பாடு ஏற்பட்டது.

பாதை என்னவோ அழகாகத்தான் வந்தது. கிழக்குப் பகுதி 2012இல் திறக்கப்பட்டதும் மக்கள் திரண்டார்கள். கூடவே வாடகையும் ஏறியது. ஏழைக் குடும்பங்களுக்கு அங்கே குடியிருப்பது கடினமாயிற்று. கட்டுப்படியாகும் விலையில் 5,600 வீடுகள் என்பது இலக்கு. அதில் வேகம் போதவில்லை என்று மனம் நொந்து, யோசனை தந்த கிராவெலே 2016இல் திட்டத்துக்குத் துணைநின்ற அமைப்பின் குழுவிலிருந்து விலகினார்.

2005இல் போட்ட 25 ஆண்டுக் கெடு 2030 வரை. அந்த ஆண்டு அட்லாண்டாவில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு, அப்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும்.