பரணில் உறங்கும் பாட்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவிலே இசையைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். பாடிக் காட்டும் வன்மை எனக்கில்லை. கேட்டு மகிழ்ந்த செவி ஒன்றே எனக்குள்ள தகுதி. அதனைத் துணையாகக் கொண்டு, பெரும்பாடகர் ஒருவரின் கச்சேரி ஒலிப்பதிவுகளைப் பற்றியும், அவற்றைப் பொறுத்து நமக்குள்ள கடமையைப் பற்றியும் பேச விழைகிறேன். பேச்சினிடையே என் பிழை ஒன்றையும் இந்த அவையின்முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்பெரும்பாடகர் ஜி. என். பாலசுப்பிரமணியம். இசையுலகம் அவரை ஜி.என்.பி. என்றே அன்புடன் அழைத்தது. 1910ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6ஆம் நாள் மாயவரத்தை அடுத்த கூடலூரிலே பிறந்தார். சென்னையில் ஆங்கில இலக்கியம் பயின்று பி.ஏ. ஆனர்ஸ் பட்டம் பெற்றார். 1928ஆம் ஆண்டில் மயிலைக் கபாலீசுவரர் கோயில் வசந்த உற்சவத்தில் பாடவேண்டிய முசிரி சுப்பிரமணிய ஐயர் வர இயலாமற் போகவே, அவருக்கு மாற்றாக மேடையேறிய இளைஞர் இவர். அன்று தொடங்கிய புகழ் பின்னர்க் குன்றவே இல்லை. 1940இல் வெளிவந்த 'சகுந்தலை' திரைப்படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி சகுந்தலையாகவும், இவர் துஷ்யந்தனாகவும் தோன்றினர். 1958இல் சென்னை மியூசிக் அகாதெமியின் 'சங்கீத கலாநிதி' விருது இவரை வந்தடைந்தது. 1965 மே முதல் நாள், ஐம்பத்தைந்தாம் அகவையிலேயே, இவ்வுலகை நீத்தார்.

ஜி.என்.பி. பாடகர் மட்டும் அல்லர். பாட்டை ஆக்கவும், ஆக்கியதைப் பாடவும் வல்லவரை 'வாக்கேயகாரர்' என்பது இசைநூல் வழக்கு. அவ்வழக்கிற்கு இவர் முற்றும் பொருந்தியவர். தமிழிலும் தெலுங்கிலும் வடமொழியிலுமாக ஏறத்தாழ இருநூற்றைம்பது பாடல்கள் இயற்றினார். சிவசக்தி, அம்ருத பேஹாக் முதலிய புதிய இராகங்களையும் வகுத்தார். ஆயினும், தாம் இயற்றியவற்றைத் தம் கச்சேரிகளிலே மிகுதியாகப் பாடிப் பரப்பியவர் அல்லர். அப்பணியைச் செய்து முடித்த பெருமை அவருடைய மாணவர்க்கே, குறிப்பாக எம். எல். வசந்தகுமாரி அவர்களுக்கே உரியது. ஆதலின், ஜி.என்.பி. தம் பாட்டைத் தாமே மேடையிற் பாடிய ஒலிப்பதிவு ஒன்று கிடைப்பின், அது பெறற்கரிய செல்வம் என்பதில் ஐயமில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். "அவர் பாடிய இசைத்தட்டுகள் இருக்கின்றனவே, கச்சேரிப் பதிவுக்கு என்ன தனிச் சிறப்பு?" என்று கேட்பீர்கள். நம் பாட்டிமார் 'பிளேட்டு' என்று அழைத்த பழைய இசைத்தட்டு, நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. அதன் ஒரு பக்கத்தில் அடங்குவது ஏறக்குறைய மூன்று நிமிடம். கச்சேரியோ மூன்று நான்கு மணி நேரம் நடப்பது. மூன்று நிமிடத்திலே பல்லவியைத் தொட்டுச் சரணத்தை முடித்தாகவேண்டும். அரை மணி நேர ஆலாபனைக்கு அங்கே இடமேது? இராகம், தானம், பல்லவிக்கு வழியேது? தட்டிலே பாட்டு உண்டு, கச்சேரி இல்லை.

கச்சேரியை முழுமையாகப் பிடிக்க வல்ல கருவி காந்த ஒலிநாடா. 1935இல் ஜெர்மனியிலே மக்கள் பார்வைக்கு வந்த அக்கருவி, நம் நாட்டின் சபைகளுக்கும் செல்வர் இல்லங்களுக்கும் 1950க்குப் பின்னரே வந்து சேர்ந்தது. ஜி.என்.பி.யின் குரல் மின்னலெனப் பாய்ந்த காலமோ அதற்கு முந்தியது. ஆகவே அவருடைய இளமைக் குரலைத் தட்டுகளில் மூன்று மூன்று நிமிடத் துணுக்குகளாகவே கேட்கிறோம். ஒலிநாடாக்களிலே முழுக் கச்சேரி கிடைக்கிறது. ஆனால் குரல் சற்றே தளர்ந்திருக்கிறது. இளமை இருந்தபோது நாடா இல்லை. நாடா வந்தபோது இளமை இல்லை. இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்பவர்க்கே அம்மேதையின் முழு உருவம் புலப்படும்.

நாடாவினாலன்றி அறிய முடியாத ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டாகக் கூறுவேன். 'கிரக பேதம்' என்ற நுட்பத்தை ஜி.என்.பி. ஆலாபனையிலே கையாண்டார். ஆதார சட்ஜத்தை விட்டு, இராகத்தின் வேறொரு சுரத்தையே சட்ஜமாகக் கொண்டால் புதிய இராகம் பிறக்கும். மோகனத்தின் ரிஷபத்தைச் சட்ஜமாக்கினால் மத்தியமாவதி. காந்தாரத்தை ஆக்கினால் இந்தோளம். பஞ்சமத்தால் சுத்த சாவேரி. தைவதத்தால் சுத்த தன்யாசி. ஐந்தே சுரங்களுக்குள் ஐந்து இராகங்கள்! சிலப்பதிகாரமும் அதன் பழைய உரைகளும் கூறும் பாலைத் திரிபும் இந்நெறியைச் சார்ந்ததே என்பதைத் தமிழறிஞர் அறிவர். இதனை மேடையிலே செய்வது தகுமா என்று அக்காலத்திலே வாதம் எழுந்தது. வழக்கின் இருதரப்பையும் நூல்களிலே படிக்கலாம். ஆனால் தீர்ப்புக் கூறவேண்டியது செவி அன்றோ? அவர் மெல்ல மெல்ல ஆதாரத்தைப் பெயர்த்து, புதிய இராகத்தின் நிழலைக் காட்டி, மீண்டும் தாய் வீட்டுக்குத் திரும்பும் வழியைக் கச்சேரிப் பதிவு ஒன்றே நமக்குக் காட்டும்.

அப்பதிவிலே பாடகர் மட்டுமா இருக்கிறார்? தம்புராவின் நாதம் இருக்கிறது. அவர் விட்ட இடத்தைப் பிடித்து விடை கூறும் வயலின் இருக்கிறது. தனி ஆவர்த்தனத்திலே முழங்கும் மிருதங்கம் இருக்கிறது. அவையிலிருந்து எழும் 'பலே', 'சபாஷ்', ஒரு குழந்தையின் அழுகை, ஒரு முதியவரின் இருமல் எல்லாம் இருக்கின்றன. அந்த அவையும் கச்சேரியின் ஒரு பகுதியே.

இவ்வளவு அரிய பதிவுகள் எங்கே உள்ளன? வானொலி நிலையத்திலும் சபைகளிலும் சில உள்ளன. பல, இசையன்பர் இல்லங்களிலே உள்ளன. ஏழு அங்குலச் சுருள் ஒன்றில் 1200 அடி நாடா இருக்கும்; விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடினால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆலாபனையின் நடுவிலே சுருளை மாற்றவேண்டி வரும். அதற்குள் சில பிடிகள் காற்றோடு போய்விடும். அவ்வாறு பிடித்ததை நண்பர் ஒருவர் படியெடுப்பார், அவரிடமிருந்து மற்றொருவர். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கேசட் வந்த பின்னர், படிக்குப் படி எடுப்பது எளிதாயிற்று. ஒவ்வொரு படியிலும் இரைச்சல் ஏறியது, வேகம் மாறிச் சுருதியும் மாறியது; இடம், நாள், பக்கவாத்தியக்காரர் பெயர் ஆகியவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

இனி என் பிழையைக் கூறுகிறேன்.

மாட்டுங்காவிலே எங்கள் இல்லத்தில் என் தந்தையார் பதினொரு சுருள்களைப் பாதுகாத்து வந்தார். நண்பர்களிடமிருந்து படியெடுத்தவை அவை. ஞாயிறு காலையிலே இயந்திரத்தை மேசைமேல் வைத்து, நாடாவை விரலால் கோத்து, எங்களைப் பேசாதிருக்கச் சொல்லிக் கேட்பார். எனக்கோ அப்போது அதில் நாட்டமில்லை. அவர் மறைந்தபின், 1986இல் நாங்கள் செம்பூருக்குக் குடிபெயர்ந்தோம். இயந்திரம் ஓடவில்லை. பல மழைக்காலங்கள் பரணில் கிடந்த பெட்டிகளிலே வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. புதிய வீட்டிலே இடமுமில்லை. பழைய தாள் வாங்குபவர் வந்தார்; நாளிதழ்களோடு சுருள்களையும் எடைக்குப் போட்டேன். அவற்றுள் ஒரு பெட்டியின்மேல் தந்தையாரின் பென்சில் எழுத்தில் 'ஜி.என்.பி. கச்சேரி' என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

சில ஆண்டுகள் கழித்துத் தந்தையாரின் நண்பர் ஒருவர் என்னைக் கண்டு, "தம்பி, அப்பா வைத்திருந்த அந்த ஜி.என்.பி. நாடா பத்திரமாக இருக்கிறதல்லவா?" என்று கேட்டார். நிகழ்ந்ததைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "அது எந்த ஊர்க் கச்சேரி என்றாவது உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அதற்கும் என்னிடம் விடையில்லை. இன்றும் இல்லை.

அயல்நாட்டுச் செய்தி ஒன்றைக் கேளுங்கள். தெலோனியஸ் மாங்க் என்பார் அமெரிக்க ஜாஸ் இசையில் பாட்டியற்றுநராகவும் பியானோ வல்லுநராகவும் புகழ் பெற்றவர். அவரும் சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் 1957 நவம்பர் 29 அன்று நியூயார்க் கார்னகி மண்டபத்திலே சேர்ந்து வாசித்தனர். அமெரிக்க வானொலி ஒன்று அதைப் பதிவு செய்தது. நாடா அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தைச் சேர்ந்து, அங்கே ஏறத்தாழ அரை நூற்றாண்டு உறங்கிற்று. 2005இல் பழைய நாடாக்களைப் படியெடுத்துக்கொண்டிருந்த நூலக அலுவலர் ஒருவர், பெட்டியொன்றின்மேல் 'டி. மாங்க்' என்ற சிறு குறிப்பைக் கண்டு நின்றார். அவ்வாண்டே அப்பதிவு உலகுக்குக் கிடைத்தது. அங்கும் ஒரு பெட்டி. அதன்மேல் ஒரு பெயர். அவர் நின்று கேட்டார். யான் எடைக்குப் போட்டேன். வேறுபாடு அவ்வளவே.

அன்பர்களே! நம் கிங்ஸ் சர்க்கிளிலே 1963இல் எழுந்த சண்முகானந்த மண்டபம் 1990இல் தீக்கு இரையாயிற்று. மனந்தளராத பெரியோர் அதனை 1998இல் மீண்டும் எழுப்பினர். மண்டபம் எரிந்தால் மீண்டும் கட்டலாம். பாடிய கச்சேரி அழிந்தால் கட்ட முடியாது.

காலமும் குறுகியது. யுனெஸ்கோவும் உலக ஒலி, ஒளி ஆவணக் காப்பாளர் சங்கமும் 2019இல் ஓர் எச்சரிக்கை முயற்சியைத் தொடங்கின. நாடாவை ஓட்டும் இயந்திரங்களும் அவற்றைப் பழுதுபார்ப்போரும் 2025 அளவில் அரிதாகிவிடுவர் என்றன. அவ்வாண்டும் வந்தேவிட்டது. ஆதலின் செய்யத்தக்கன சிலவற்றைச் சுருங்கச் சொல்வேன்.

இல்லத்துப் பரணைத் திறந்து பாருங்கள். பூஞ்சை படர்ந்த நாடாவை உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். முதல் ஓட்டத்திலேயே அது பாழாகக்கூடும். வல்லுநரிடம் காட்டுங்கள். பெட்டியின்மேல் உள்ள ஒவ்வோர் எழுத்தையும் படம் பிடியுங்கள். வீட்டு முதியோரிடம் ஊர், ஆண்டு, பக்கவாத்தியக்காரர் பெயர் ஆகியவற்றை இன்றே கேட்டு எழுதுங்கள்; நாடா சில ஆண்டு காத்திருக்கலாம், நினைவு காத்திராது. எண்முறைப் படி எடுக்கும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில், சுருக்கப்படாத கோப்பாக எடுக்கச் சொல்லுங்கள். படிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள். படி எடுத்தாயிற்று என்று மூலத்தை எறிந்துவிடாதீர்கள். நம் நகரத்துத் தேசிய நிகழ்கலை மையம், சென்னை மியூசிக் அகாதெமி, 1982இல் தொடங்கப்பெற்றுப் பின்னர்க் குருகிராமத்தில் இயங்கும் இசையியல் ஆவணக் காப்பகம் போன்றவற்றின் அறிவுரையை நாடுங்கள்.

இது மாட்டுங்காவிற்கும் செம்பூருக்கும் மட்டும் உரிய கடமையன்று. தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தோரின் இல்லங்களிலே, ஊர்க் கொடையில் பிடித்த வில்லுப்பாட்டும் நாகசுரமும் கேசட்டில் உறங்கக்கூடும். அவற்றைப் பாடினோர் பட்டம் பெறாதவராயிருக்கலாம். அவர்தம் குரலும் திரும்பி வாராததே. நம் சங்கத்து இளைஞர் சிலர் குழுவாகச் சேர்ந்து, வீடுதோறும் சென்று, எந்த வீட்டில் என்ன நாடா உள்ளது என்று ஒரு பட்டியல் எடுத்தால், அடுத்த ஆண்டு விழாவுக்கு அதைவிடச் சிறந்த மலர் வேண்டுவதில்லை.

என் தந்தையாரின் சுருள் இனி வாராது. ஆயினும் அது படிக்குப் படி எடுத்தது. அதன் உடன்பிறப்பு ஒன்று, இந்த அவையிலே அமர்ந்திருக்கும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணிலே இருக்கலாம். இன்றிரவு சென்று பாருங்கள் என்று கைகூப்பி வேண்டி அமர்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க இசை! வணக்கம்.