கேப்டனுக்கு என்ன குறை?

வானூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, ஆட்டம் முடிந்த கையோடு புழுதிக்காலுடன் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளே!

வி.பி.சத்யன். இந்தப் பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? கேரளத்துக் கண்ணூர்ப் பக்கம் 1965இல் பிறந்தவர். கேரள போலீஸ் கால்பந்து அணியில் ஆடி வளர்ந்தவர். 1992இல் நம் கோயம்புத்தூரில் நடந்த சந்தோஷ் டிராபியைக் கேரளம் வென்றபோது அவர்தான் கேப்டன். இந்திய அணிக்கும் கேப்டன். 1995இல் நாட்டின் சிறந்த கால்பந்து வீரர். பிறகு சென்னையில் இந்தியன் வங்கி வேலை. அந்த அணிக்கே பயிற்சியாளர். 2006 ஜூலை 18ஆம் தேதி பல்லாவரத்தில் தற்கொலை செய்துகொண்டார். திண்டிவனத்திலிருந்து சென்னை போகும்போது நாமெல்லாம் கடக்கிறோமே, அதே பல்லாவரம். வயது 41. மனச்சோர்வு நோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது.

"நல்ல உத்தியோகம், பேர், புகழ், குடும்பம். அவனுக்கு என்னப்பா குறை?" இதைக் கேட்காத ஊர் இருக்கிறதா? குறை இருப்பவனுக்குத்தான் இந்த நோய் வரும் என்று யார் சொன்னது? மைதானத்தில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகினால் ஆட்டத்தை நிறுத்தி நாலு பேர் தூக்குகிறோம். பல நாளாகத் தூக்கமில்லாமல், பந்தைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவனை மட்டும் 'திமிர் பிடிச்சவன்' என்கிறோம். எனக்கு நெஞ்சு கொதிக்கிறது, ஐயா!

ஜெர்மனியின் கோல்கீப்பர் ராபர்ட் என்கேவுக்கும் இதே மனச்சோர்வு நோய். அதை அவர் மறைத்தார். நோய் வெளியே தெரிந்தால் தத்தெடுத்த குழந்தையைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம். 2009 நவம்பரில், 32 வயதில், அவரும் உயிரை மாய்த்துக்கொண்டார். மறுநாளே அவர் மனைவி, மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணவரின் நோயை ஊரறியச் சொன்னார். அந்த அம்மாவின் துணிச்சலை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

நம் பிள்ளை ஒருவன் இப்படிச் சோர்ந்து ஒதுங்கினால், திருவக்கரை வக்கிரகாளியம்மனைப் பௌர்ணமிக்குப் போய்க் கும்பிடுங்கள்; நானும் வருகிறேன். அதே வாரம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் அந்தப் பிள்ளையை அழைத்துப் போங்கள். இதற்கு மருந்து உண்டு, மருத்துவர் உண்டு. மாத்திரையை மட்டும் நாமாகப் பாதியில் நிறுத்தக் கூடாது.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த போட்டி நோட்டீஸில், நன்கொடையாளர் பெயர்களுக்கு மேலே, ஓர் எண்ணைப் பெரிதாக அச்சிடுங்கள்: 14416. மத்திய அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். காசு கிடையாது. நடுராத்திரியானாலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அச்சுக்கூலியை நான் தருகிறேன்.